தோற்ற ஆட்டமே நல்லாசிரியன்

சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலைப் பொழுதொன்றில் அயலில் வாழும் நண்பர் ஒருவர் தம் மகனுடன் எம் வீட்டிற்கு வந்திருந்தார். பையனுக்குப் பதின்மூன்று வயது. பாடசாலையிலே சதுரங்கக் கழகத்திற் சேர்ந்து ஆறு மாதங்கள் கழிந்திருந்தன. பேச்சு எங்கெங்கோ சென்று ஈற்றிற் சதுரங்கத்தில் வந்து நின்றது. நண்பர் சலிப்புடன் கூறினார்: "அதை ஏன் கேட்கிறீர்கள்? இவன் ஆடுவதெல்லாம் தோல்வி. போன கிழமை தங்கச்சியிடமும் தோற்றுவிட்டான். இவனுக்கு அந்த மூளை இல்லை. பலகையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்."

பையன் தலை குனிந்து கொண்டிருந்தான். அவன் கைவிரல்கள் மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக் கொண்டிருந்தன. தோல்வி அவனைச் சுட்டதிலும் பன்மடங்கு அத்தந்தையின் சொல் சுட்டது என்பதை அவன் முகம் கூறிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் எளிதில் வரவில்லை. சதுரங்கம் பிறவி மூளைக்காரருக்கே உரிய விளையாட்டு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. தொடக்கத்திலே தோற்பவன் ஒருவன் உடனே "நமக்கு இது வராது" என முடிவு கட்டிவிடுகிறான். பெற்றோரும் அதற்கு உடன்படுகின்றனர். அந்த முடிவு பிழையானது. ஏன் பிழை என்பதையும், தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருவர் எவ்வாறு முன்னேறலாம் என்பதையும் இவ்வாரம் வாசக நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

காய்களின் பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் முதலில் ஒரு சொல். மூலையில் நின்று நேராகச் செல்வதை இங்கே யானை என்கிறேன். அதனைக் கோட்டை என்போரும் உளர். அதற்கு அடுத்தது குதிரை. அதனை அடுத்து நின்று மூலைவாட்டில் ஓடுவது மந்திரி. நடுவில் அரசனும் அரசியும். முன்னணியில் எட்டுக் காலாட்கள்.

தோல்வி எங்கே பிறக்கிறது?

மறுநாள் அப்பையனை அழைத்து, "தம்பி, நீ தோற்ற ஆட்டம் ஒன்றைக் காட்டு" என்றேன். அவன் விழித்தான். எந்த ஆட்டத்தையும் அவன் எழுதி வைக்கவில்லை. ஆனால் புத்தகத்திலே படித்த தொடக்க நகர்வுகள் பத்தினை மூச்சு விடாமல் ஒப்புவித்தான். "சரி, இனி ஐந்து ஆட்டம் ஆடு. வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு நகர்வையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

இரு கிழமைகளின் பின் கொப்பியுடன் வந்தான். ஐந்தும் தோல்வி. நாங்கள் இருவரும் பலகையை விரித்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் முதலிலிருந்து மீண்டும் ஆடிப் பார்த்தோம். முதலாம் ஆட்டத்திலே அவன் தன் குதிரையைக் கொண்டு எதிரியின் யானையைப் பிடிக்க அழகான திட்டமொன்றை வகுத்திருந்தான். அதற்கிடையில் எதிரி ஒரு காலாளை ஒரு கட்டம் முன்னே தள்ளினான். அக்காலாள் இவனது மந்திரியைத் தாக்கி நின்றது. இவனோ தன் திட்டத்தின் அடுத்த நகர்வையே ஆடினான். மந்திரி போயிற்று. "இது ஏன், தம்பி?" என்று கேட்டேன். "நான் பார்க்கவில்லை, மாமா" என்றான்.

இரண்டாம் ஆட்டத்தில் யானையொன்று காவலின்றி நின்றது. "பார்க்கவில்லை, மாமா." மூன்றாவதில் அரசி சென்று இறங்கிய கட்டத்தை எதிரியின் குதிரை காத்து நின்றது. மீண்டும் அதே மறுமொழி. ஐந்து ஆட்டங்களுள் நான்கு இவ்வாறே முடிந்திருந்தன. ஆழ்ந்த சூழ்ச்சி எதனாலும் அவன் தோற்கவில்லை. ஒரே நகர்விற் பறிபோகும் காயைக் காணாமையால் தோற்றான். அவனுடைய எதிரிகள் அவனைவிட அறிவாளிகள் அல்லர். அவர்கள் ஆட்டத்திற்கு ஒரு காயை வீணே இழந்தார்கள். இவன் மூன்றை இழந்தான். வேறுபாடு அவ்வளவே.

இதனைக் கேட்டு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜேர்மனியின் பொன் நகரில் அந்நாளைய உலக வீரராகிய விளாடிமிர் கிராம்னிக் ஒரு கணினியுடன் போட்டியிட்டார். இரண்டாம் ஆட்டத்திலே, எதிர்த்தரப்பு அரசி ஒரே நகர்வில் தமது அரசனை அகப்படுத்திவிடும் என்பதைக் காணாது தமது அரசியை வேறிடத்திற்கு நகர்த்தினார். அடுத்த நகர்வுடன் ஆட்டம் முடிந்தது. 2024ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரிலே உலகப் பட்டத்திற்கான பதினான்காம் ஆட்டம் நடைபெற்றது. சீன வீரர் டிங் லிரென் சமமாக முடியத்தக்க ஆட்டத்தில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் பின்னர் மந்திரிகளும் வெட்டுப்பட, எஞ்சிய காலாட் போரில் சென்னை இளைஞர் குகேஷ் வென்று பதினெட்டு வயதிலே உலக வீரரானார். உச்சியில் இருப்போருக்கும் கண் தவறுகிறது. அவர்களுக்கு அது ஆண்டுக்கணக்கில் ஒருமுறை நேர்கிறது. நமக்கு ஒரே ஆட்டத்தில் மும்முறை நேர்கிறது. ஆகவே நாம் திருத்த வேண்டியது கண்ணின் பழக்கத்தையே அன்றி மூளையை அன்று.

மூன்று கேள்விகள்

அப்பையனுக்கு நான் சொன்ன முதல் மருந்து மிக எளியது. எதிரி நகர்த்தியதும் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காயைத் தொடுவதற்கு முன்னர் மூன்று கேள்விகளைத் தனக்குள் கேட்க வேண்டும்.

ஒன்று: அவன் ஏன் இதனை நகர்த்தினான்? இந்நகர்வால் என்னுடைய எந்தக் காய் தாக்கப்படுகிறது?

இரண்டு: என் காய்களுள் காவலற்று நிற்பது எது?

மூன்று: நான் ஆட எண்ணிய நகர்வை ஆடினால், எதிரி எனக்குச் 'செக்' வைக்க முடியுமா? எதையாவது வெட்ட முடியுமா?

இக்கேள்விகளுக்கு மறுமொழி காண அரை நிமிடம் போதும். ஆயினும் ஒவ்வொரு நகர்விலும், சலிப்பின்றி, முப்பது நாற்பது தடவை கேட்பதுதான் கடினம். இருபத்தொன்பது தடவை கேட்டு முப்பதாவது தடவை மறந்தவன் அந்த முப்பதாவது நகர்விலேயே அரசியை இழப்பான். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இவ்விளையாட்டிற்கு முற்றும் பொருந்தும்.

உதாரணம் ஒன்று தருகிறேன். பலகை வைத்திருப்போர் எடுத்து ஆடிப் பார்க்கலாம். வெள்ளையும் கறுப்பும் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் தள்ளுகின்றன. வெள்ளையரசி உடனே மூலைவாட்டில் வெளியேறிப் பலகையின் ஓரத்திற்கு வந்து கறுப்பின் நடுக்காலாளைத் தாக்குகிறது. கறுப்பு தன் அரசிப் பக்கத்துக் குதிரையைக் கொண்டுவந்து அதனைக் காக்கிறது. இதுவரை நன்று. இப்போது வெள்ளை தன் அரசன் பக்கத்து மந்திரியை வெளியே கொண்டுவருகிறது. இங்கேதான் முதலாம் கேள்வியைக் கேட்க வேண்டும். ஏன் வந்தது அந்த மந்திரி? கறுப்பரசனுக்கு அருகே, மந்திரியின் முன் நிற்கும் காலாளுக்கு அரசனைத் தவிர வேறு காவல் இல்லை. அரசியும் மந்திரியும் சேர்ந்து அதனையே குறி வைக்கின்றன.

கேள்வி கேளாத புதியவர், "அரசியைத் தாக்குவேன்" என மகிழ்ந்து மற்றைக் குதிரையை வெளியே பாய்ச்சுகிறார். அரசி அந்தக் காலாளை வெட்டுகிறது. மந்திரி பின்னின்று அரசியைக் காப்பதால் அரசனால் அதனை எடுக்க முடியாது, தப்பவும் வழியில்லை. நான்காம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. கேள்வி கேட்டவரோ, அக்குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் தள்ளுவார். அது அரசியின் வழியை மறிப்பதுடன் அரசியையும் தாக்கும். அரசி பின்வாங்கித் தன் அரசன் பக்கத்து மந்திரியின் காலாளுக்கு நேர் முன்னே வந்து, மீண்டும் அதே காலாளைக் குறி வைக்கும். இப்போது குதிரையை வெளியே கொண்டுவந்து வழியை மறிக்கலாம். சற்று முன்னர் தோல்வியைத் தந்த அதே குதிரை நகர்வு இப்போது சிறந்த நகர்வாகிவிட்டது! நகர்வுகளை மனனம் செய்வது ஏன் பயன் தராது என்பது இதனால் விளங்கும்.

தொடக்கத்தில் மூன்று கடமைகள்

ஆட்டத் தொடக்கத்தைப் பாடமாக்குவதில் மாணவர் பலர் பெரும்பொழுதைச் செலவிடுகின்றனர். புத்தகத்தில் இல்லாத நகர்வை எதிரி ஐந்தாவதாக ஆடியதும் திகைத்து நிற்கின்றனர். புதியவருக்கு மூன்று கடமைகள் போதும். நடுக்கட்டங்களில் ஒரு காலாளையேனும் நிறுத்துக. குதிரைகளையும் மந்திரிகளையும் விரைவாக வெளியே கொணர்க. ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தற்க. அரசனைக் 'காசிலிங்' செய்து யானையின் மறைவில் ஒதுக்கி வைக்க.

இவற்றுக்குக் காரணமும் உண்டு. பலகையின் நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களை ஆள்கிறது. மூலையில் நிற்பது இரண்டையே ஆள்கிறது. வெளியே வராத காய் வீட்டில் உறங்கும் படைவீரன் போன்றது.

1858ஆம் ஆண்டு பரிஸ் நகரின் இசைநாடக அரங்கிலே, அமெரிக்கரான போல் மோர்பி என்னும் இருபத்தொரு வயது இளைஞர் பிரபுக்கள் இருவரை எதிர்த்து ஆடினார். அவ்விருவரும் கலந்து பேசி ஒரே தரப்பாக ஆடினர். மோர்பி தம் காய்கள் அனைத்தையும் வெளியே கொணர்ந்து, காசிலிங் செய்து, ஈற்றில் அரசியையும் பலியிட்டுப் பதினேழாம் நகர்வில் யானையாலும் மந்திரியாலும் வென்றார். அவ்வேளை எதிர்த்தரப்பின் மந்திரி ஒன்றும் யானை ஒன்றும் தொடங்கிய இடத்தைவிட்டு அசையவேயில்லை. அந்த ஆட்டத்தை ஒருமுறை பலகையில் ஆடிப் பார்ப்பது, தொடக்க நகர்வுகளை நூறு பக்கம் படிப்பதிலும் நன்று.

பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் என்பவர் நம் பக்கத்துப் பழைய விதிகளின்படி ஆடி வளர்ந்தவர். ஐரோப்பிய விதிகளைப் பின்னரே பயின்றார். தொடக்க நூல்களில் அவருக்குப் பயிற்சி மிகக் குறைவு. ஆயினும் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியச் சம்பியனாக விளங்கினார். கப்பபிளாங்காவையும் ஓர் ஆட்டத்தில் வென்றார்.

வெட்டிக் கொள்ளும்போது விலை அறிந்து வெட்டுதல் வேண்டும். காலாள் ஒன்றெனக் கொண்டால், குதிரையும் மந்திரியும் மும்மூன்று, யானை ஐந்து, அரசி ஒன்பது. யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்குபவன் சந்தையில் ஏமாந்தவனே.

முடிவிலிருந்து படியுங்கள்

கியூபா தேசத்துக் கப்பபிளாங்கா நான்கு வயதிலே தந்தையார் ஆடுவதைப் பார்த்து ஆட்டம் கற்றவர். 1921இல் உலக வீரரானவர். 1916 முதல் 1924 வரை போட்டி ஆட்டம் ஒன்றிலேனும் அவர் தோற்றதில்லை. அவர் 1921இல் வெளியிட்ட 'சதுரங்க அடிப்படைகள்' என்னும் ஆங்கில நூல் எங்கே தொடங்குகிறது தெரியுமா? பலகையில் இரண்டு மூன்று காய்களே எஞ்சியிருக்கும் எளிய முடிவுகளில் தொடங்குகிறது. காய்கள் குறைவாயிருக்கும்போதுதான் ஒவ்வொரு காயின் ஆற்றலும் தெளிவாகத் தெரியும்.

யானையும் அரசனும் கொண்டு தனித்த அரசனை அகப்படுத்துவதை எடுத்துக்கொள்வோம். யானை ஒரு வரிசையில் நின்றால் அவ்வரிசை முழுவதும் ஒரு வேலி. எதிரியரசன் அதனைத் தாண்ட முடியாது. வேலிக்கு இப்புறம் உங்கள் அரசனை நடத்திச் செல்லுங்கள். இரு அரசர்களும் வேலி வரிசையை இடையே வைத்து நேருக்கு நேர் நிற்க, நகர்வும் உங்களுடையதாகும் தருணத்தில் யானையால் ஒரு செக் வையுங்கள். எதிரியரசன் ஒரு வரிசை பின்வாங்கியே ஆக வேண்டும். வேலி ஒரு வரிசை முன்னேறியது. அரசன் யானையை நெருங்கினால் அதே வரிசையின் மறுகோடிக்கு அதனை மாற்றிவிடுங்கள். இவ்வாறு ஓரத்திற்குத் தள்ளிய பின் வைக்கும் அதே செக் ஆட்டத்தை முடித்துவிடும்.

அடுத்தது, அரசனும் ஒரு காலாளும். புதியவர்கள் காலாளை முன்னே ஓட்டிவிட்டு அரசனைப் பின்னே விடுகின்றனர். அது தவறு. காலாளுக்கு முன்னே அரசன் நடந்து வழி திறக்க வேண்டும். இரு அரசர்களும் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நின்றால், நகர வேண்டிய முறை எவனுடையதோ அவனே வழிவிடுவான். இந்த ஒரு நுட்பத்தை அறிந்தவர், ஓரக் காலாளைத் தவிர்ந்த ஏனைய காலாட்களைக் கொண்டு, சமமாய்ப் போகும் எத்தனையோ ஆட்டங்களை வெல்வார்.

நாளுக்கு இருபது நிமிடம்

பயிற்சிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பாடசாலைப் படிப்பைக் கெடுக்கும் அளவு வேண்டாம். ஒரு நகர்விலோ இரு நகர்விலோ முடியும் புதிர்களை நாளுக்கு இருபது நிமிடம் விடுவித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் இருந்துவிட்டு மற்றைய நாள்களில் மறந்துவிடுவதைவிட அதுவே மேலானது. கிழமைக்கு ஒன்றிரண்டு ஆட்டங்களை, ஒருவருக்கு அரைமணி நேரமேனும் கொடுத்து, நிதானமாக ஆடுக.

கைத்தொலைபேசியிலே மூன்று நிமிட ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆடும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. தேர்ந்தவர்களுக்கு அது பொழுதுபோக்கு. புதியவர்களுக்கோ, பாராமல் ஆடும் பழக்கத்தையே அது கைக்குக் கற்பிக்கிறது. எந்நோயைத் தீர்க்க முயல்கிறோமோ அந்நோயையே வளர்ப்பானேன்?

கணினியும் நல்ல துணையே. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கணினியிடம் ஓடாதீர்கள். எங்கே ஆட்டம் கைநழுவிற்று என்பதை முதலில் நீங்களே தேடி, கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். அதன் பின்னர் கணினி சொல்வதுடன் ஒப்பிடுங்கள். விடைத்தாளைப் பார்த்துக் கணக்குச் செய்த மாணவன் பரீட்சையில் என்ன செய்வான்?

தோற்பதற்கும் ஒரு முறை உண்டு

மின்பொறியியலாளரான சோவியத் வீரர் மிகையில் பொட்வின்னிக் 1948இல் உலகப் பட்டம் பெற்றார். 1957இல் ஸ்மிஸ்லொவிடம் அதனை இழந்தார், 1958இல் மீட்டார். 1960இல் தால் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞரிடம் மீண்டும் இழந்தார். அவருடைய காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர். அவரோ தாம் தோற்ற ஆட்டங்களை எடுத்து வைத்து ஆராய்ந்தார். 1961இல், ஐம்பது வயதை எட்டும் வேளையில், அதே தாலை வென்று பட்டத்தை இரண்டாம் முறை மீட்டார். தம் ஆட்டங்களைத் தாமே கண்டிப்புடன் ஆராய வேண்டும் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆடிவிட்டு வந்ததும் "வென்றாயா?" என்பதே நம் முதற் கேள்வியாக இருக்கிறது. "இன்று எதைக் கண்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். முதற் கேள்விக்கு மறைக்க விரும்பும் மறுமொழியொன்று இருக்கக்கூடும். இரண்டாவதற்குத் தோற்ற பிள்ளையிடமே மறுமொழி மிகுதி. "உனக்கு மூளை இல்லை" என்ற சொல்லை மட்டும் பிள்ளையின் செவி கேட்கச் சொல்லாதீர்கள். சதுரங்கத்தில் இழந்த அரசியை அடுத்த ஆட்டத்திற் பெறலாம். தந்தையின் வாயால் இழந்த தன்னம்பிக்கையை அவ்வளவு எளிதிற் பெற முடியாது.

அப்பையன் என்னவானான் என்று நேயர்கள் கேட்கலாம். அவன் சம்பியன் ஆகவில்லை. பாடசாலை அணியிலும் இன்னும் இடம் பெறவில்லை. ஆனால் கொப்பி ஒன்று நிரம்பி இரண்டாவது தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்தின் அடியிலும் ஒரு வரி எழுதுகிறான். "பார்க்கவில்லை" என்னும் சொல் முதற் கொப்பியின் முற்பகுதியிலே பக்கத்திற்குப் பக்கம் இருந்தது. பிற்பகுதியிலே அருகி வந்தது.

சென்ற கிழமை மாலை படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். "மாமா, இன்றைக்கும் தோற்றுவிட்டேன். ஆனால் ஒரு காயையும் சும்மா கொடுக்கவில்லை. காலாளுக்கு முன்னால் அரசனைக் கொண்டுபோக மறந்துவிட்டேன். அதுதான் பிழை" என்றான். தோற்று வந்த பிள்ளையின் முகத்தில் அத்தகைய மகிழ்ச்சியை நான் முன்னர் கண்டதில்லை.

அவன் பின்னால் அவனுடைய தந்தையாரும் வந்திருந்தார். அலுமாரியின் மேலிருந்த பலகை அவர் கக்கத்தில் இருந்தது. "எனக்கும் காய் நகர்த்தச் சொல்லித் தாருங்கள். இவனோடு ஆட வீட்டில் ஆள் வேண்டுமாம்" என்றார். பையன் முந்திக்கொண்டான்: "நானே சொல்லித் தருகிறேன், அப்பா."

மூவரும் விறாந்தையில் அமர்ந்தோம். பையன் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினான். நண்பர் ஆவலுடன் முதற் காலாளைத் தொடக் கையை நீட்டினார். "அப்பா, கையை மடியில் வையுங்கள்" என்றான் மகன்.